சுங்க வரியும் தார் சுற்றும் கையும்

2011 பிப்ரவரி 28 அன்று பிரணாப் முகர்ஜி தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கை, கச்சாப் பட்டின் மீதான சுங்க வரியை 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக இறக்கியது. நூல் விலை ஏறிக்கொண்டே போன காலம் அது. நெசவு ஊர்களுக்கு அந்த அறிவிப்பு ஆறுதலாக இருந்தது. கர்நாடகத்தில் நிலைமை நேர்மாறு. சீனப் பட்டு மலிவாக வரப்போகிறது என்றதும் ராமநகரம் சந்தையில் பட்டுக்கூட்டின் விலை சரிந்தது. பட்டுப்புழு வளர்க்கும் விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். இரண்டே ஆண்டில், 2013-14 நிதிநிலை அறிக்கையில் ப. சிதம்பரம் அந்த வரியை 15 விழுக்காடாக உயர்த்தினார். பிறகு அது 10 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2021-22இல் நிர்மலா சீதாராமன் மறுபடியும் 15 ஆக்கினார். ஏற்றமோ இறக்கமோ, ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: இந்த வரி விவசாயிக்கு ஆதரவா, நெசவாளருக்கு ஆதரவா? இரு தரப்பும் சங்கம் வைத்திருக்கின்றன, அமைச்சரைப் பார்க்கின்றன, மனு கொடுக்கின்றன. இவ்விரு தரப்புக்கும் நடுவே கூட்டிலிருந்து நூலெடுப்பவர்கள், நூலைச் சுற்றுபவர்கள், பாவு இழை பிணைப்பவர்கள், தறியில் எதிர்ப்பக்கம் உட்காருபவர்கள் எனப் பெரும்பாலும் பெண்களே இருக்கிறார்கள். அவர்கள் பெயரில் ஒரு மனுவும் போவதில்லை. வணிகக் கொள்கை பெண்களின் நிலையை உயர்த்துமா தாழ்த்துமா என்ற விவாதம் உலகெங்கும் சந்தையைத் திறப்பதா மூடுவதா என்ற வடிவிலேயே நடக்கிறது. காஞ்சிபுரம் பட்டின் கதையைக் கூர்ந்து பார்த்தால் விடை வேறிடத்தில் இருக்கிறது. பெண்ணின் வேலை அவள் பெயரில் கூலியாக எழுதப்படாத இடத்தில், வரி ஏறினாலும் சுமை அவள் மீதே இறங்குகிறது. வரி இறங்கினாலும் ஆதாயம் அவளை எட்டுவதில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும், பிள்ளையார்பாளையத்திலும் ஒரு பட்டுச் சேலை நெய்யப்படும் முன் நடக்கும் வேலைகளைப் பார்க்க வேண்டும். முறுக்கேற்றிச் சாயம் தோய்த்த பட்டு சிட்டமாக வீட்டுக்கு வருகிறது. அதைப் பிரித்து மாட்டி, ராட்டையைச் சுழற்றி, ஊடைக்கான நூலைத் தாரில் சுற்ற வேண்டும். நாடாவுக்குள் போகும் தார் தீரத் தீர அடுத்தது தயாராக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் தறி நின்றுவிடும். பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏறும்போது ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். காஞ்சிபுரத்தின் பெருமையான கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடை மூன்று நாடாக்களில் ஓடுகிறது. ஒருவரால் அதை நெய்து முடிப்பது கடினம். தறியின் ஒரு பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் குழந்தைகள் உட்கார்ந்தார்கள். முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வேலை பார்த்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் வாரணாசி, கர்நாடகத்தோடு காஞ்சிபுரமும் இருந்தது. குழந்தைகள் பள்ளிக்குப் போனது இந்த ஊரின் உண்மையான வெற்றி. ஆனால் காலியான அந்த இடத்தில் பல வீடுகளில் மனைவி வந்து உட்கார்ந்தார். நெசவாளர் வெளியாளைத் துணைக்கு வைத்தால் தன் கூலியிலிருந்து அவருக்குக் கொடுத்தாக வேண்டும். வீட்டுப் பெண் உட்கார்ந்தால் கொடுக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது சேலையின் தன்மைக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. அந்தத் தன்மையை உண்டாக்கும் இரண்டாவது ஜோடிக் கைகளுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

இந்த வேலைக்கும் உலகச் சந்தைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது; அது பட்டின் தரத்தில் இருக்கிறது. கச்சாப் பட்டைத் தரம் பிரிக்கும் சோதனைகளில் ஒன்று, சுற்றும்போது இழை எத்தனை முறை அறுகிறது என்று எண்ணுவது. வணிக ஆவணங்களில் 2ஏ, 3ஏ, 4ஏ என்று வரும் தரங்களுக்குப் பின்னால் இத்தகைய கணக்குகள் இருக்கின்றன. உலக வணிக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் 1999இல் தோற்ற இந்தியா, 2001 ஏப்ரலுக்குள் எஞ்சியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை நீக்கியது. அந்த ஆண்டுகளில் சீனப் பட்டு பெருமளவில் வந்து இறங்கியது. 2003இல் மத்திய அரசு, 2ஏ தரமும் அதற்குக் கீழும் உள்ள சீன மல்பெரிப் பட்டின் மீது மலிவு விலைக் குவிப்புக்கு எதிரான வரியை விதித்தது. டெல்லியில் அது அடக்க விலை, இறக்குமதி விலை, உள்நாட்டுத் தொழிலுக்கு நேர்ந்த சேதம் என்ற கணக்கு. ராட்டையின் முன்னால் அது நேரக் கணக்கு. சீரில்லாத இழை அடிக்கடி அறும். அறுந்த முனையைத் தேடி, பிணைத்து, மறுபடி சுழற்ற வேண்டும். நல்ல நூல் வந்தால் சீக்கிரம் முடியும் வேலை மட்டமான நூலில் இழுத்துக்கொண்டே போகும். கூடுதலாகச் செலவாகும் அந்த நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, ஏனென்றால் தார் சுற்றுவதற்கே பல வீடுகளில் கூலி கிடையாது. இறக்குமதி வரியைத் தீர்மானிக்கும்போது உள்நாட்டு நூலின் தரம் பேசப்படுகிறது. அந்தத் தரக்குறைவை யாருடைய நேரம் ஈடுகட்டுகிறது என்பது பேசப்படுவதே இல்லை.

அப்படியானால் வரியைக் குறைத்து நல்ல நூலை மலிவாக வரவிடுவதுதான் பெண்களுக்கு நல்லது என்று சொல்லிவிடலாமா? இங்குதான் கூலி முறையைப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்தில் பெரும்பாலான நெசவாளர்கள் நூலைத் தாங்களே வாங்குவதில்லை. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பட்டும் சரிகையும் கொடுக்கிறது. சேலை முடிந்ததும் பேசிய கூலியைக் கொடுக்கிறது. நூல் விலை இறங்கினால் அந்தச் சேமிப்பு நூலை வாங்குபவரிடம் நிற்கிறது. கூலி தானாக உயர்வதில்லை. நூல் விலை ஏறினால், முதல் போடுபவர் பாவு கொடுப்பதைக் குறைக்கிறார், தறி நிற்கிறது. அப்போது நட்டம் நேராக வீட்டுக்குள் வருகிறது. இலாபம் வாசலிலேயே நின்றுவிட, நட்டம் மட்டும் உள்ளே வரும் அமைப்பு இது. போதாக்குறைக்கு, சீனப் பட்டின் சீரான இழை விசைத்தறிக்கு மிகவும் ஏற்றது. மலிவான இறக்குமதி, கைத்தறிச் சேலைக்குப் போட்டியாக வரும் விசைத்தறிச் சேலையையும் மலிவாக்குகிறது. சரிகைக்கும் இதே கதைதான்: தங்கத்தின் மீதான இறக்குமதி வரி 2022 ஜூலையில் 15 விழுக்காட்டை எட்டி 2024 ஜூலையில் 6 விழுக்காடாக இறங்கியது, ஏறியபோது ஆர்டர் குறைந்தது போல இறங்கியபோது கூலி கூடவில்லை, கூட வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை. தறி நின்ற வீட்டில் ஆண் வேறு வேலை தேடி வெளியே போவார். பெண்ணுக்கு நிற்பதற்கென்று ஒரு வேலையே கணக்கில் இல்லாததால், அவர் வேலையிழந்தவராகக்கூடப் பதிவாவதில்லை.

கர்நாடகப் பக்கமும் படம் இதேதான். பட்டு வளர்ப்பு வேலைகளில் சுமார் 60 விழுக்காட்டைப் பெண்கள் செய்வதாக மத்திய பட்டு வாரியமே சொல்லி வருகிறது: இலை பறிப்பது, புழுவுக்கு இரை போடுவது, தட்டுகளைச் சுத்தம் செய்வது. ராமநகரம், சிட்லகட்டா கூடங்களில் கொதிநீரில் மிதக்கும் கூடுகளிலிருந்து முனை எடுத்து நூலிழுக்கும் பெண்களின் விரல்கள் நாள் முழுவதும் நீரிலேயே ஊறுகின்றன. நிலப் பட்டா ஆணின் பெயரில் இருப்பதால் பாதுகாப்பு வரியின் பயன் அவர் கையில் சேர்கிறது. நூல் விலை விழும்போது முதலில் நிற்பது அன்றாடக் கூலிக்கு வரும் பெண்ணின் வேலை. இறக்குமதி வரியைக் கூட்டிக் காப்பாற்றியது விவசாயக் குடும்பத்தை என்று சொல்வது சரி. அந்தக் குடும்பத்துக்குள் யாருக்கு எவ்வளவு போனது என்பதற்கு அந்த வரியில் விடை இல்லை.

குடும்பத்தை இப்படிப் பிரித்துப் பார்ப்பது தவறு என்ற எதிர்ப்பு வலுவானது. நெசவுத் தெருக்களிலேயே பல பெண்கள் அதைச் சொல்லக்கூடும். சேலைக் கூலி வீட்டுக்குத்தானே வருகிறது, பிள்ளைகளின் படிப்புக்கும் அரிசிக்கும்தானே போகிறது, கணவன் பெயரில் வந்தால் என்ன, மனைவி பெயரில் வந்தால் என்ன? இந்தக் கேள்விக்கு அமர்த்தியா சென் 1990இல் வெளியான தம் கட்டுரையில் பதில் தந்திருக்கிறார். குடும்பம் ஒத்துழைப்பும் முரணும் சேர்ந்த இடம். அங்கே ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு, அவர் உண்மையில் எவ்வளவு உழைக்கிறார் என்பதைவிட எவ்வளவு உழைப்பதாகக் கருதப்படுகிறார் என்பதைப் பொறுத்து அமைகிறது என்றார் அவர். தார் சுற்றுவது "வீட்டோடு செய்கிற வேலை" என்று கருதப்படும்வரை, கூலிப் பணத்தை எதற்குச் செலவழிப்பது, மகளை எதுவரை படிக்கவைப்பது, கடனை யார் பெயரில் வாங்குவது என்ற முடிவுகளில் அந்த வேலைக்கு எடை கிடையாது. இது காஞ்சிபுரத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. 2022-23ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் குடும்பத் தொழிலில் ஊதியமில்லாத உதவியாளர்கள். 2019இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடங்களும், செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். ராட்டை இந்த 299 நிமிடங்களுக்கு இடையில் சுழல்கிறது. 2019-20இன் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களைக் கண்டது. நெசவாளர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள் என்றும் சொன்னது. இந்த எண்ணை மேற்கோள் காட்டி, கைத்தறி பெண்களின் துறை என்று பெருமை பேசுவது வழக்கமாகிவிட்டது. அஸ்ஸாமும் பிற வடகிழக்கு மாநிலங்களும் அந்தச் சராசரியைத் தூக்கி நிறுத்துகின்றன. அங்கே நெசவு மரபாகவே பெண்களின் வேலை. சந்தைக்காகச் சாதிவழித் தொழிலாக நெய்யும் காஞ்சிபுரத்தில், சங்க உறுப்பினர் பெரும்பாலும் ஆண்தான், கூலிப் புத்தகமும் அவர் பெயரில்தான்.

இதைவிடக் கனமான எதிர்ப்பு அதே காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, ஸ்ரீபெரும்புதூரில் நிற்கிறது. உலக வணிகம் திறந்ததால்தான் இந்த மாவட்டத்துப் பெண்கள் முதன்முதலாகத் தங்கள் பெயரில் சம்பளம் வாங்கினார்கள் என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க முடியாது. 1996இன் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உடன்பாட்டில் சேர்ந்து இந்தியா அத்துறையின் வரிகளை நீக்கியது. நோக்கியா ஆலை 2006இல் இங்கே திறந்தபோது அதன் தொழிலாளர்களில் பெரும்பகுதி இளம் பெண்கள். பிற்பாடு கொள்கை திசை மாறியது. செல்பேசி இறக்குமதிக்கு 2017 ஜூலையில் 10 விழுக்காடு வரி வந்து, 2018 பிப்ரவரியில் 20 விழுக்காடானது. உற்பத்தி ஊக்கத்தொகையும் பின்னர் சேர, ஐபோன் பூட்டும் ஆலைகள் வளர்ந்தன, மறுபடியும் ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். இன்று இந்தியத் தொழிற்சாலைகளில் பணியாற்றும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். விடிகாலையில் கம்பெனிப் பேருந்துக்கு நிற்கும் அந்தப் பெண்களுக்கு இந்தச் சம்பளம் என்ன செய்கிறது என்பதற்கு வங்கதேசத்திலிருந்து நல்ல சான்று உண்டு. ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஆயத்த ஆடை ஆலைகளுக்கு அருகே உள்ள ஊர்களில் பெண் குழந்தைகள் கூடுதலாகப் படித்தார்கள், திருமணமும் பிள்ளைப்பேறும் தள்ளிப்போயின என்று காட்டியது. இந்த மாற்றத்தைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே வரி இல்லாத காலத்திலும் பெண்கள் வேலை பெற்றார்கள், வரி போட்ட காலத்திலும் பெற்றார்கள். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது அவர்கள் பெயரிலிருந்த வருகைப் பதிவும் சம்பளச் சீட்டும்தான்.

அந்தச் சீட்டுகூடத் தன்னளவில் காப்பு இல்லை. வரி வழக்கு, நிறுவனம் கைமாறியது என்று பல காரணங்கள் சேர்ந்து நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. இருபதுகளில் இருந்த பெண்கள் நிவாரணத் தொகையோடு வீடு திரும்பினார்கள். 2021 டிசம்பரில், ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அதே ஃபாக்ஸ்கான் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் 2024 ஜூனில் எழுதியது. நிறுவனம் அதை மறுத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீது 50 விழுக்காடு வரியைப் போட்டபோது செல்பேசிக்கு விலக்கு இருந்தது, பின்னலாடைக்கு இல்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பெண் தப்பினார். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்கு உழைக்கும் பெண்ணின் வேலைநாள் குறைந்தது. வாஷிங்டனில் எந்த வரிசையில் எந்தப் பொருள் இருக்கிறது என்பது தமிழ்நாட்டின் இரண்டு ஊர்ப் பெண்களை இரண்டு விதமாகத் தொட்டது. ஆனாலும் ஒரு வேறுபாடு பெரிது. ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்களால் சாலையை மறிக்க முடிந்தது, ஏனென்றால் அவர்கள் தொழிலாளர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில் தார் சுற்றும் பெண்ணுக்கு யாரை மறிப்பது என்றே தெரியாது. அவருக்கு முதலாளி கணவனா, சங்கமா, சேலைக் கடையா?

பாலினச் சமத்துவத்தை வணிக ஒப்பந்தத்துக்குள் நுழைத்தால் பணக்கார நாடுகள் அதையே புதிய தடைச்சுவராக்கும் என்பது இந்திய அரசின் பழைய கவலை. 1996இல் சிங்கப்பூரில் தொழிலாளர் தரங்களை உலக வணிக அமைப்புக்குள் கொண்டுவரும் முயற்சியை இந்தியா எதிர்த்து நின்றது. 2017 டிசம்பரில் பியூனஸ் அய்ரஸில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்ற, வணிகமும் பெண்களின் பொருளாதார மேம்பாடும் குறித்த கூட்டறிக்கையிலும் சேரவில்லை. இந்தக் கவலையை நான் பொய் என்று சொல்லமாட்டேன். தன் பருத்தி விவசாயிக்கு மானியம் கொட்டும் நாடு, காஞ்சிபுரத்துச் சேலையில் பெண்ணுரிமைச் சான்றிதழ் கேட்பது நியாயம் ஆகாது. ஆனால் 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு கையெழுத்தான விரிவான ஒப்பந்தத்தில் வணிகமும் பாலினச் சமத்துவமும் என்று தனி அத்தியாயத்தையே இந்தியா ஏற்றிருக்கிறது. கதவு ஏற்கெனவே திறந்துவிட்டது. மேலும், இங்கே வேண்டியது வெளிநாட்டின் நிபந்தனை எதுவும் இல்லை. நம் வரியைப் பற்றி நாமே கேட்டுக்கொள்ளும் கேள்விதான். ஐக்கிய நாடுகளின் வணிக, வளர்ச்சி மாநாடு 2017இலேயே, ஒப்பந்தத்துக்கு முன் அதன் விளைவு பெண்களுக்கு எப்படி இருக்கும் என்று மதிப்பிடும் முறையை வகுத்துத் தந்துவிட்டது. நம் வணிகத் தீர்வுகள் தலைமை இயக்ககம், குவிப்புத் தடுப்பு வரி குறித்து விசாரிக்கும்போது உற்பத்தியாளர், இறக்குமதியாளர், பயன்படுத்துவோர் என்ற தரப்புகளை அழைக்கிறது. உள்நாட்டுத் தொழில் என்றால் உற்பத்தியாளர்கள் என்றே சட்டம் கொள்கிறது. நூலெடுக்கும் பெண்ணும் தார் சுற்றும் பெண்ணும் இந்தத் தரப்புகளில் எதிலும் அடங்கவில்லை. பட்டைப் பற்றிய விசாரணையில் அவர்களை அழைப்பதற்கு உலக வணிக அமைப்பின் சம்மதம் தேவையில்லை.

உள்ளூரில் செய்யக்கூடியது இன்னும் நேரடியானது. காஞ்சிபுரத்தின் கூட்டுறவுச் சங்கங்கள் அரசின் மேற்பார்வையில் இயங்குபவை. ஒரு சேலைக்கான கூலியில் தார் சுற்றுதல், பாவு பிணைத்தல், கோர்வைத் துணை ஆகியவற்றைத் தனி வரிகளாக எழுதி, அதைச் செய்தவரின் வங்கிக் கணக்கில் போடுவதும், தறிக்கு இருவரை உறுப்பினராக்குவதும் அரசின் ஓர் ஆணையில் தொடங்கக்கூடியவை. இதற்கு வரும் மறுப்பு நியாயமானது: கிடைக்கும் கூலியே குறைவு, அதை இரண்டாகப் பிரித்தால் கணவன் மனைவிக்குள் சண்டைதான் மிஞ்சும். உண்மை. பிரிப்பதோடு நின்றால் அப்படித்தான் ஆகும். இந்தப் பங்கு இப்போதைய கூலிக்கு மேல் வர வேண்டும். பணத்துக்கு வழி இறக்குமதி வரியிலேயே இருக்கிறது. கச்சாப் பட்டின் மீது 15 விழுக்காடு வசூலிக்கும் அரசு, அதை உள்நாட்டுப் பட்டுத் தொழிலைக் காப்பதற்கென்றே வசூலிப்பதாகச் சொல்கிறது. வசூலான தொகை பொதுக் கருவூலத்தில் கரைகிறது. 2024 ஜூலையில் தங்கத்துக்கு நிர்ணயித்த 6 விழுக்காட்டில் 1 விழுக்காடு வேளாண் உள்கட்டமைப்புக்கான மேல்வரி. ஒரு பொருளின் இறக்குமதி வரியில் ஒரு பகுதியைக் குறித்த நோக்கத்துக்கு ஒதுக்குவது நடைமுறையில் உள்ள ஏற்பாடுதான். கச்சாப் பட்டின் வரியிலும் அதே போல் ஒரு பகுதியை ஒதுக்கி, ராமநகரத்தில் நூலெடுப்பவருக்கும் காஞ்சிபுரத்தில் தார் சுற்றுபவருக்கும் கூலிச் சேர்ப்பாகக் கொடுக்கலாம். அப்போது வரியை ஏற்றுவதா இறக்குவதா என்று அடுத்த முறை பேச்சு எழும்போது, விவசாயி சங்கத்துக்கும் நெசவாளர் சங்கத்துக்கும் பக்கத்தில், அந்த விகிதத்தில் தங்களுக்கென்று ஒரு பணக் கணக்கு உள்ள மூன்றாவது தரப்பாக இந்தப் பெண்களும் மனுவோடு நிற்பார்கள்.